கம்பத்தில் இருக்கிற பெயர் திரையில் ஏன் இல்லை?

இன்னைக்கு எபிசோட் அயர்லாந்தைப் பத்தினது. பொது வாழ்க்கை, ஊடகம், ஆன்லைன் மார்க்கெட்டிங் மூன்றும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடக்கிற ஒரு சின்ன நாடு. மக்கள்தொகை ஐம்பது லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். நான் சொல்லப் போற சம்பவங்கள் எல்லாம் பதிவில் இருக்கிறவை. அதை வைத்து நான் எடுக்கிற முடிவு மட்டும் என் சொந்தக் கருத்து. நீங்க ஒத்துக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்லை.

ஆன்லைன் மார்க்கெட்டிங் என் தொழில். அதனால் இதில் சில இடங்களில் எங்க ஆட்களையே நான் திட்டப் போறேன். அதையும் முதலிலேயே சொல்லிடுறேன்.

வராத ஊர்வலம்

2024 அக்டோபர் 31, ஹாலோவீன் ராத்திரி. டப்ளின் நகரத்தின் நடுவில் ஓடுகிற ஓ'கானல் தெருவில் ஆயிரக்கணக்கான பேர் கூடினாங்க. ஏழு மணிக்கு ஒரு பெரிய ஊர்வலம் கிளம்பும்னு காத்திருந்தாங்க. தேர் வர்ற நேரத்துக்கு வீதியின் ரெண்டு பக்கமும் ஜனம் வரிசை கட்டி நிக்குமே, அந்த மாதிரி நின்னாங்க. லுவாஸ் ட்ராம் சேவை தடைபட்டது. ஏழு மணி ஆச்சு. நேரம் போய்க்கிட்டே இருந்தது. ஒண்ணும் வரலை.

கடைசியில் கார்டா, அதாவது அயர்லாந்து போலீஸ், சமூக ஊடகத்தில் ஒரு அறிவிப்பு போட்டாங்க. இணையத்தில் பரவுகிற தகவல் சரியில்லை, இன்று ராத்திரி நகர மையத்தில் எந்த ஊர்வலமும் இல்லை, கூடியிருக்கிறவங்க பத்திரமாகக் கலைந்து போங்க என்று.

தகவல் எங்கிருந்து வந்தது? பல ஊர்களின் ஹாலோவீன் நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடுகிற ஒரு இணையதளம். அதை நடத்தினவர் பாகிஸ்தானில் இருந்தார். பட்டியலில் மக்னஸ் என்கிற பெயர் இருந்தது. அது கால்வே நகரத்தில் 1986-இல் தொடங்கின நிஜமான தெரு நாடகக் குழு. ராட்சத பொம்மைகளோடு ஊர்வலம் போறதுக்குப் பேர் போனவங்க. பாதை, நேரம் எல்லாம் போட்டிருந்தது. கூகுளில் தேடினவங்க கண்ணில் அந்தப் பக்கம் பட்டது, அங்கிருந்து டிக்டாக், ஃபேஸ்புக் என்று பரவியது. அந்தத் தளத்தின் உரிமையாளர் பிறகு ஊடகங்களிடம் மன்னிப்புக் கேட்டார். வேணும்னு செய்யலை, தவறு நடந்துடுச்சு என்றார். தளத்தின் வருமானம் விளம்பரத்தில் இருந்து வருது என்றும் சொன்னார்.

உலகமே சிரிச்சது. 'ஒரு வெப்சைட்டை நம்பி தெருவில் போய் நின்ன கூட்டம்' என்று கிண்டல். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹாலோவீனின் வேர் சௌவின் என்கிற பழைய ஐரிஷ் பண்டிகை. அந்த நாளில் டப்ளினில் ஊர்வலம் நடக்கும்னு நம்புறது முட்டாள்தனம் இல்லை. குழுவின் பெயர் உண்மை, தெருவின் பெயர் உண்மை, தேதி உண்மை. நம்பினவங்க மேல குறை இல்லை. அப்படி ஒரு பக்கம் எப்படிக் காசு பண்ணுது என்பதுதான் விஷயம்.

அந்தப் பக்கத்துக்குள் என்ன நடக்குது?

ரொம்ப எளிமையாகச் சொல்றேன். அக்டோபர் கடைசி வாரம் வந்தால் 'டப்ளின் ஹாலோவீன் ஊர்வலம்' மாதிரி வார்த்தைகளைத் தேடுகிறவங்க எண்ணிக்கை ஏறும். இது எங்க தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அந்த வார்த்தைகளுக்கு ஏத்த மாதிரி தலைப்பு, துணைத் தலைப்பு, கேள்வி பதில் எல்லாம் வைத்து ஒரு பக்கம் தயார் பண்ணணும். இதுக்குப் பேர்தான் எஸ்.இ.ஓ. தேடலில் மேலே வந்துட்டால் ஆட்கள் வருவாங்க.

ஆள் வந்ததும் அடுத்த வேலை தானாக நடக்கும். நீங்க பக்கத்தைத் திறக்கிற அந்த நொடிக்குள், அதில் இருக்கிற காலி இடத்துக்கு ஒரு ஏலம் நடந்து முடிஞ்சிடும். ஜெயிச்ச விளம்பரம் உங்க கண் முன்னால் வரும். ஷூ கம்பெனியோ வங்கியோ, விளம்பரம் கொடுத்தவருக்குத் தன் காசு எந்தப் பக்கத்துக்குப் போச்சுன்னு பெரும்பாலும் தெரியாது. பக்கத்தை எழுதினவருக்கு எந்தக் கம்பெனி காசு கொடுத்ததுன்னு தெரியாது. படிக்கிற உங்களுக்கு இந்த ரெண்டு பேரையும் தெரியாது.

ஒரு ஆள் பார்த்தால் கிடைக்கிறது சில்லறை. அதனால் ஒரே பக்கத்தை நம்பி இருக்க முடியாது. நூற்றுக்கணக்கில் பக்கம் வேணும். நூற்றுக்கணக்கில் போடணும்னா ஒவ்வொன்றுக்கும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கணும். மக்னஸுக்கு ஒரு போன் போட்டு 'இந்த வருஷம் டப்ளினில் ஊர்வலம் உண்டா?' என்று கேட்க பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்துக்குக் காசு கொடுக்க இந்தச் சங்கிலியில் யாருமே இல்லை.

கவனிங்க. இந்த ஏற்பாட்டில் யாரும் பொய் சொல்லணும்னு அவசியமே இல்லை. உண்மையானு பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை, அவ்வளவுதான். அந்தப் போன் காலைப் பண்றதுக்கென்றே சம்பளம் வாங்கின ஒருத்தர் முன்னே இருந்தார். அவர் பேர் நிருபர். அவர் சம்பளத்துக்கு வந்த விளம்பரக் காசில் பெரும் பகுதி இப்போ கூகுளுக்கும் ஃபேஸ்புக்குக்கும் போகுது.

விளக்குக் கம்பத்துச் சட்டம்

அயர்லாந்தில் தேர்தல் வந்தால் தெரு விளக்குக் கம்பம் எல்லாம் முகமாகத் தொங்கும். வாக்குப்பதிவுக்கு 30 நாள் முன்னால்தான் கட்டலாம், முடிஞ்சு 7 நாளுக்குள் கழட்டிடணும், இல்லைன்னா அபராதம். இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒவ்வொரு போஸ்டரிலும் அச்சடிச்சவர் யார், வெளியிட்டவர் யார் என்று பெயரும் முகவரியும் இருந்தாகணும். பொடி எழுத்தில் ஓரத்தில் இருக்கும், யாரும் படிக்க மாட்டாங்க. ஆனாலும் கேட்கணும்னு தோணும்போது போய்க் கதவைத் தட்ட ஒரு விலாசம் இருக்கு. அதுதான் அதன் மதிப்பு.

டிவி, ரேடியோவில் அரசியல் விளம்பரத்துக்கு அங்கே முழுத் தடை. வெளிநாட்டில் இருந்து அரசியல் நன்கொடை வாங்கவும் தடை. ஆக, காசு வந்து தேர்தலைத் தூக்கிட்டுப் போயிடக் கூடாது என்று அந்த நாடு யோசிக்காமல் இல்லை. யோசிச்சது, ஆனால் கம்பம், டிவி, ரேடியோ வரைக்கும்தான்.

இணையத்தில் என்ன ஆச்சுன்னு ரெண்டு சம்பவம் சொல்றேன்.

முதலாவது 2011. ஜனாதிபதி தேர்தல். ஷான் கேலகர் என்கிற தொழிலதிபர், டிவியில் முதலீட்டாளராக வந்து பிரபலமானவர், கருத்துக் கணிப்பில் சுமார் 40 சதவீதத்தோடு முன்னணியில் இருந்தார். அக்டோபர் 24-ஆம் தேதி, வாக்குப்பதிவுக்கு மூணு நாள் முன்னால், அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஆர்.டி.இ.யில் நேரலை விவாதம். கேலகர் முன்பு ஒரு கட்சிக்காக நிதி திரட்டினாரா என்று எதிர் வேட்பாளர் மார்ட்டின் மெக்கின்னஸ் குற்றம் சாட்டுறார். அந்த நேரத்தில் தொகுப்பாளர் ஒரு ட்வீட்டை வாசிக்கிறார். கேலகரிடம் காசோலை கொடுத்தவர் நாளைக்குச் செய்தியாளர்களைச் சந்திப்பார் என்று அதில் இருந்தது. மெக்கின்னஸ் பிரசாரக் கணக்கில் இருந்து வந்ததாக அறிமுகம். கேலகர் தடுமாறிப் பதில் சொல்றார். அந்தப் பதிலே அவரைக் கவிழ்த்தது.

அந்தக் கணக்கு மெக்கின்னஸ் தரப்பின் அதிகாரபூர்வக் கணக்கே இல்லை. எங்களுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவங்க நிகழ்ச்சி ஓடிக்கொண்டு இருக்கும்போதே ட்வீட் போட்டாங்க. நிகழ்ச்சியில் அந்தத் திருத்தம் வரலை. வாக்கு எண்ணினபோது மைக்கேல் டி. ஹிக்கின்ஸுக்கு முதல் விருப்ப வாக்கு 39.6 சதவீதம், கேலகருக்கு 28.5. அடுத்த வருஷம் ஒலிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் அந்த நிகழ்ச்சி கேலகருக்கு நியாயமாக நடக்கலைன்னு முடிவு சொன்னது. 2017-இல் ஆர்.டி.இ. மன்னிப்புக் கேட்டு, கணிசமான இழப்பீடு கொடுத்து வழக்கை முடிச்சது.

கம்பத்தில் பெயரில்லாத போஸ்டர் தொங்கியிருந்தால் யாராவது நிமிர்ந்து பார்த்திருப்பாங்க. பெயரில்லாத ட்வீட்டை ஒரு தேசிய ஒலிபரப்பு நிறுவனமே வாசிச்சது.

இரண்டாவது 2018. கருக்கலைப்புக்குக் கிட்டத்தட்ட முழுத் தடையாக இருந்த அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்தை நீக்கலாமா என்று பொது வாக்கெடுப்பு. 1983-இல் சேர்த்த திருத்தம் அது. வீட்டுக்கு வீடு விவாதம் நடந்த விஷயம். ரெண்டு பக்கமும் ஃபேஸ்புக்கில் விளம்பரம் கொட்டுது. அதில் எது உள்நாட்டுக் காசு, எது வெளிநாட்டுக் காசு, யாருக்கு எந்த விளம்பரம் போகுது என்று அரசாங்கத்துக்கே தெரியாது. கடைசியில் 'டிரான்ஸ்பேரன்ட் ரெஃபரெண்டம் இனிஷியேட்டிவ்' என்கிற தன்னார்வலர் குழு, மக்கள் பிரவுசரில் ஒரு சின்ன நிரலை நிறுவச் சொல்லி, அவங்க கண்ணில் படுகிற விளம்பரங்களைச் சேகரிச்சு ஊருக்குக் காட்டியது. அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைத் தன்னார்வலர்கள் செஞ்சாங்க.

வாக்குப்பதிவு மே 25. மே 8-ஆம் தேதி ஃபேஸ்புக், வெளிநாட்டில் இருந்து வர்ற வாக்கெடுப்பு விளம்பரங்களை நிறுத்தறதாச் சொன்னது. மறுநாள் கூகுள் ஒரு படி மேலே போய், எங்கிருந்து வந்தாலும் இந்த வாக்கெடுப்பு பற்றிய விளம்பரமே கிடையாதுன்னு அறிவிச்சது. நீக்கணும்னு சொன்ன தரப்பு வரவேற்றது, நீக்கக் கூடாதுன்னு சொன்ன தரப்பு கொதிச்சது. 66.4 சதவீதம் பேர் நீக்கலாம்னு வாக்களிச்சாங்க.

எந்தப் பக்கம் ஜெயிச்சதுங்கிறது இந்த எபிசோடின் விஷயம் இல்லை. ஒரு நாட்டின் அரசியலமைப்பை மாற்றுகிற பிரசாரத்தின் விதிகளை, பிரசாரத்தின் நடுவில், ரெண்டு கம்பெனிகள் மாத்தினாங்க. மக்கள் தேர்ந்தெடுத்த யாரும் மாத்தலை. நல்ல முடிவா கெட்ட முடிவாங்கிற கேள்விக்கு முன்னாடி, யார் எடுத்த முடிவுங்கிற கேள்வி இருக்கு.

ஏழு வருஷம் கழிச்சு அதே படம் மறுபடி ஓடியது. அரசியல் விளம்பரத்துக்கு யார் காசு கொடுத்தாங்கன்னு தெளிவாகப் போடணும்னு ஐரோப்பிய ஒன்றியம் கொண்டு வந்த விதி 2025 அக்டோபர் 10-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இவ்வளவு நிபந்தனைகளோடு நடத்த முடியாதுன்னு சொல்லி, கூகுளும் மெட்டாவும் ஒன்றியம் முழுக்க அரசியல் விளம்பரத்தையே நிறுத்திட்டாங்க. பெயர் போடச் சொன்னால் கடையையே பூட்டிட்டாங்க. அச்சகக்காரர் யாரும் கம்பத்துச் சட்டத்துக்காகத் தொழிலை மூடினதா நான் கேள்விப்பட்டதில்லை.

பண்டமாற்றுக் கணக்கு

இதுவரைக்கும் கேட்டால் 'இணையம் கெட்டது, பழைய ஊடகம் நல்லது' என்று நான் சொல்ற மாதிரி இருக்கும். அப்படி இல்லை. 2023 ஜூனுக்கு வருவோம்.

ஆர்.டி.இ.க்கு ரெண்டு வழியில் காசு வருது. ஒன்று டிவி லைசென்ஸ். வீட்டில் டிவி பெட்டி இருந்தால் வருஷத்துக்கு 160 யூரோ கட்டணும். ஆர்.டி.இ. பார்க்கிறீங்களா இல்லையாங்கிறது பேச்சே இல்லை; கட்டலைன்னா நீதிமன்றத்துக்குப் போகணும். இன்னொன்று விளம்பரம், ஸ்பான்சர்.

ஜூன் 22-ஆம் தேதி ஆர்.டி.இ. ஒரு உண்மையை வெளியிட்டது. அதிகச் சம்பளம் வாங்கின தொகுப்பாளர் ரையன் டப்ரிடிக்கு 2017 முதல் 2022 வரை கொடுத்த பணம், பொதுமக்களிடம் அறிவிச்ச தொகையைவிட 3,45,000 யூரோ அதிகம். அவர் 1962-இல் இருந்து ஓடுகிற 'லேட் லேட் ஷோ'வின் தொகுப்பாளராக இருந்தவர். கிட்டத்தட்ட தேசிய அடையாளம் மாதிரி. அந்தக் காசில் ஒரு பகுதி நிகழ்ச்சியின் ஸ்பான்சரோடு சேர்ந்த ஒரு வணிக ஏற்பாட்டில் வருஷத்துக்கு 75,000 யூரோ. அதில் ரெண்டு தவணை ஒரு 'பார்ட்டர் அக்கவுன்ட்' வழியாகப் போச்சு.

பார்ட்டர்னா பண்டமாற்று. நெல்லுக்கு உப்பு மாதிரி, இங்கே விளம்பர நேரத்துக்குப் பொருளும் சேவையும். நிறுவனம் விற்காத விளம்பர நேரத்தை ஒரு இடைத்தரகர் கம்பெனியிடம் கொடுக்கும். பதிலுக்கு அங்கே வரவு ஏறும், அதில் ஹோட்டல், டிக்கெட், பரிசுப் பொருள் எல்லாம் வாங்கலாம். ஊடகத் தொழிலில் இது சாதாரணமாகவே நடக்கிறதுதான். ஆனால் அந்த ரெண்டு தவணைக்கான பில்லில் தொகுப்பாளர் பெயர் இல்லை. 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதியிருந்தது.

நாடாளுமன்றக் குழுக்கள் விசாரிச்சதை ஜனங்கள் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்டாங்கன்னு சொன்னால் அங்கே புரியாது. கால்பந்து மேட்ச் மாதிரின்னு வெச்சுக்கலாம். கிளம்பக் கிளம்ப ஒவ்வொன்றா வந்தது. விளம்பரதாரர்களுக்கான விருந்துக்காக அதே கணக்கில் கிட்டத்தட்ட 5,000 யூரோவுக்கு ரப்பர் செருப்பு. ஒரு மேடை இசை நாடகத்தில் 22 லட்சம் யூரோ நஷ்டம். தலைமை இயக்குநர் டீ ஃபோர்ப்ஸ் சில நாளிலேயே ராஜினாமா பண்ணினார். டப்ரிடி குழு முன்னால் வந்து, கணக்கை அறிவிக்கிறது ஆர்.டி.இ.யின் பொறுப்பு, தன்னுடையது இல்லைன்னார். ஆனாலும் அவர் திரும்ப ஆர்.டி.இ.க்கு வரலை.

மக்கள் செஞ்சது சுலபமான காரியம். லைசென்ஸ் கட்டறதை நிறுத்தினாங்க. கோடிக்கணக்கான யூரோ குறைஞ்சது. 2024 ஜூலையில் அரசாங்கம் மூணு வருஷத்துக்கு 72.5 கோடி யூரோ பொதுப் பணம் தர்றதா அறிவிச்சது. ஆக, முன் வாசலில் கட்ட மாட்டேன்னு சொன்ன அதே மக்களோட வரிப் பணம் பின் வாசல் வழியாகப் போகுது.

அந்தக் கோபம் எனக்குப் புரியுது. 160 யூரோ கட்டலைன்னு ஒருத்தரைக் கோர்ட்டுக்கு இழுக்கிற நிறுவனம், தன் கணக்கில் பெயரை மறைச்சு வெச்சிருக்கு. ஹாலோவீன் பக்கத்தில் நான் பார்த்த அதே நோய்தான் இங்கேயும்: காசு வருது, போகுது, ஆனால் காசு மேல பெயர் இல்லை. அது குறைந்த செலவில் பண்ணினது, இது கோட்டு சூட்டு போட்டுப் பண்ணினது.

காவல்காரரும் அதே தெருவில்

இதையெல்லாம் கண்காணிக்க ஆள் இல்லையான்னு கேட்பீங்க. இருக்காங்க. அவங்க நிலைமைதான் சிக்கல்.

கூகுள் 2003-இல் டப்ளினுக்கு வந்தது. ஃபேஸ்புக், லிங்க்ட்இன், ட்விட்டர், டிக்டாக் எல்லாம் பிறகு வரிசையா வந்தாங்க. பல வருஷம் 12.5 சதவீதமாக இருந்த கம்பெனி வரி ஒரு பெரிய காரணம். இன்னைக்கு நாட்டின் கம்பெனி வரி வருமானத்தில் பாதிக்கும் மேல் பத்தே பத்து நிறுவனங்களிடம் இருந்து வருது.

2018 மே 25, அந்த வாக்கெடுப்பு நடந்த அதே நாளில்தான் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு விதியான ஜி.டி.பி.ஆர். அமலுக்கு வந்தது. ஒரு கம்பெனியின் ஐரோப்பியத் தலைமையகம் எந்த நாட்டிலோ, அந்த நாட்டு ஆணையம்தான் முதல் கண்காணிப்பாளர். அதனால் கோடிக்கணக்கான ஐரோப்பியர்களின் தரவுக்கு அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் காவல்காரர் ஆச்சு. அந்த ஆணையத்தின் அலுவலகம் ஒரு காலத்தில் போர்டார்லிங்டன் என்கிற சின்ன ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

நியாயமாகப் பேசணும்னா அவங்க சும்மா இருந்ததாச் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் ஆளைப் பார்த்துக் காட்டுகிற விளம்பரங்களுக்காக மெட்டாவுக்கு 39 கோடி யூரோ அபராதம். அதே மே மாதம், தரவை அமெரிக்காவுக்கு அனுப்பினதுக்கு 120 கோடி யூரோ. ஆனால் இந்த ரெண்டிலும் அயர்லாந்து ஆணையம் முதலில் எடுத்த நிலைப்பாடு மென்மையாக இருந்தது. மற்ற நாட்டு ஆணையங்கள் சேர்ந்த ஐரோப்பிய வாரியம்தான் அதைக் கடுமையாக்கியது. வீட்டு வாடகை கொடுக்கிறவரையே சோதனை போடணும்னா யாருக்கும் கை கொஞ்சம் தயங்கும். லஞ்சம்னு நான் சொல்லலை. அமைப்பே அப்படி இருக்குன்னு சொல்றேன். 2023-இல் ஊடகத்துக்கும் இணையப் பாதுகாப்புக்கும் கொமிஷூன் நா ம்யான் என்கிற புது ஆணையமும் வந்திருக்கு. அதுக்கும் இதே பரீட்சைதான்.

ஃபோக்ரா

கொஞ்சம் சின்ன அளவுக்கு வருவோம், உங்க போன் அளவுக்கு. இன்ஃப்ளூயன்சர் பதிவுகளை அயர்லாந்தின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ஞ்சது. வணிக நோக்கம் உள்ள பதிவுகளில் ஏறக்குறைய பாதியில் விளம்பரம் என்கிற அடையாளமே இல்லைன்னு 2022 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்த வருஷம் ஒரு வழிகாட்டுதல் வந்தது. காசு வாங்கினாலும் சரி, ஓசியில் பொருள் வாங்கினாலும் சரி, தெளிவாகப் போடணும். ஆங்கிலத்தில் 'ஆட்' என்கிற ஹேஷ்டேக், இல்லைன்னா ஐரிஷ் மொழியில் 'ஃபோக்ரா'. அறிவிப்பு, விளம்பரம் ரெண்டுக்கும் அந்த மொழியில் அந்தச் சொல்தான்.

எங்க தொழிலில் ஒரு வாதம் அடிக்கடி வரும்: அடையாளம் போட்டால் ஜனங்க பார்க்க மாட்டாங்க, எங்கேஜ்மென்ட் விழும். இருக்கலாம். ஆனால் அந்த வாதத்தைப் பிரிச்சுப் பாருங்க. 'இது விளம்பரம்னு தெரிஞ்சால் நம்ப மாட்டாங்க, அதனால் தெரியாமல் இருக்கட்டும்' என்பதுதான் அதன் சாரம். ஆர்.டி.இ. பில்லில் 'ஆலோசனைக் கட்டணம்' என்று எழுதின கைக்கும் இந்த வாதத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலை.

கள்ள நோட்டு

இப்போ கடைசி சம்பவம். 2025 அக்டோபர் 24-ஆம் தேதி மறுபடி ஜனாதிபதி தேர்தல். வாக்குப்பதிவுக்கு சில நாள் முன்னால் ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ. முன்னணியில் இருந்த கேத்தரின் கானலி போட்டியில் இருந்து விலகுறதா அறிவிக்கிறார். சுத்தப் பொய், செயற்கை நுண்ணறிவில் செஞ்ச டீப்ஃபேக். கானலி தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தார், வீடியோவை எடுத்துட்டாங்க, அவர் 63 சதவீத வாக்கோடு ஜெயிச்சார்.

அந்த வீடியோ எந்த வேஷத்தில் வந்தது தெரியுமா? ஆர்.டி.இ. செய்தி வேஷத்தில். அதே மாதிரி அரங்கம், அதே மாதிரி செய்தி வாசிப்பாளர்.

கள்ள நோட்டு அடிக்கிறவன் செல்லாத நோட்டை அடிக்க மாட்டான். ரப்பர் செருப்பு, மறைச்ச சம்பளம், லைசென்ஸ் புறக்கணிப்பு எல்லாத்துக்கும் பிறகும், ஒரு பொய்யை நம்ப வைக்கணும்னா அதுக்கு ஆர்.டி.இ. முகம்தான் வேணும்னு பொய் பண்றவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த நிறுவனத்தின் மதிப்பை அதன் சொந்த மேலாளர்களைவிட அவன் சரியாக எடை போட்டிருக்கான். எனக்கு இது வேடிக்கையாகவும் இருக்கு, வலிக்கவும் செய்யுது.

அதனால் என் கருத்து இதுதான். லைசென்ஸ் கட்டாதீங்கன்னு சொல்றவங்களோட நான் இல்லை. 'ஊர்வலம் இல்லை' என்று ஒரு ராத்திரியில் ஐம்பது லட்சம் பேருக்கும் சொல்ல, அதை அவங்க நம்ப, ஒரு குரல் வேணும். அந்தக் குரல் செத்துப் போனால் அந்த இடத்துக்கு இன்னும் நல்ல குரல் வராது. ஏலத்தில் ஜெயிச்ச குரல்தான் வரும். ஆனால் காசு கேட்கிற உரிமை வேணும்னா கணக்கில் பெயர் போடணும். ஆர்.டி.இ. இப்போ தன் ஆட்கள் வெளியில் செய்கிற வேலைகளைப் பதிவேட்டில் போட்டு வெளியிடத் தொடங்கியிருக்கு. தாமதம்தான், ஆனால் திசை சரி.

அரசியல் விளம்பரத்தையே மொத்தமாக நிறுத்தறதையும் நான் கொண்டாட மாட்டேன். விளம்பரம் பாவம் இல்லை. ஒரு புது வேட்பாளருக்கு, ஊர் மூலையில் இருக்கிற ஒரு சின்னக் கடைக்கு, தன்னைத் தெரியப்படுத்த அது ஒரு வழி. நிறுத்தினால் அந்தக் காசு காணாமல் போகாது. அடையாளம் போடாத பதிவுகளுக்கும், யார் நடத்துறாங்கன்னு தெரியாத பக்கங்களுக்கும் நகரும். கேட்க வேண்டியது தடையை இல்லை. கம்பத்தில் தொங்குகிற அட்டைக்கு என்ன விதியோ, அதே விதியைத் திரைக்கும் கேட்கணும்: அச்சடிச்சவர் யார், காசு கொடுத்தவர் யார், விலாசம் எங்கே.

டப்ளின் தெருவில் அந்த ராத்திரி நின்னவங்க கலைஞ்சு வீட்டுக்குப் போனாங்க. யாருக்கும் பெரிசா நஷ்டம் இல்லை, ஒரு குளிர் ராத்திரி வீணாப் போச்சு. அடுத்த முறை பொய்த் தகவல் ஊர்வலத்தைப் பத்தி இருக்கணும்னு அவசியம் இல்லை. தேர்தல் தேதியா இருக்கலாம், தடுப்பூசியா இருக்கலாம், பக்கத்துத் தெருவில் குடிவந்த அந்நியரைப் பத்தின வதந்தியா இருக்கலாம். அப்போ அந்தப் பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்திலாவது, ஒரு பெயர் இருக்கணும்.

உங்க கருத்து வேற மாதிரி இருந்தால் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன். உங்க பெயரோடு அனுப்புங்க.